மின்சாரத்துக்கு ஒரு புட்வால்வு: டையோடு வேலை செய்யும் விதம்

கோச்சடையைத் தாண்டி மேலக்கால் சாலையில் மேற்கே செல்லும்போது, கிணற்றுப் பம்பு வைத்திருக்கும் எந்த விவசாயியைக் கேட்டாலும் புட்வால்வு என்பது இன்னதென்று சொல்லுவார். உறிஞ்சு குழாயின் அடிமுனையில் நீருக்குள் மூழ்கியிருக்கும் அச்சிறு கதவு, நீர் மேலே ஏறும்போது வழிவிடுகிறது. பம்பை நிறுத்தியவுடன் மூடிக்கொண்டு, ஏறிய நீரைக் கிணற்றுக்குத் திரும்பவொட்டாமல் தடுக்கிறது. அது பழுதுபட்டால் மறுநாட்காலையில் பம்பு காற்றை உறிஞ்சுமேயன்றி நீரை இறைக்காது. அதன் விலை சொற்பம்; ஆனால் அதனால் நிற்கும் வேலை சொற்பமன்று.

மின்சாரத்தில் இதே தொழிலைச் செய்யும் கருவிக்கு டையோடு என்று பெயர். தமிழில் இதனை இருமுனையம் என்று வழங்குவர். சாதாரணமாகப் பழக்கத்திலிருப்பது நெல்மணியளவே உள்ள கறுப்பு உருளை. இரு புறமும் ஒவ்வொரு கம்பி நீண்டிருக்கும். ஒரு முனையருகே வெள்ளி நிறத்தில் ஒரு வளையம் தீட்டப்பட்டிருக்கும். இதன் வழியே மின்சாரம் ஒரு திசையில் செல்லும், எதிர்த்திசையில் செல்லாது. இவ்வளவே இதன் குணம். இந்த ஒரே குணத்தை நம்பித்தான் கைபேசிக்கு மின்னேற்றும் பெட்டியும், ரேடியோவும், எல்.ஈ.டி. விளக்கும், டிராக்டரின் மின்னாக்கியும், சூரிய சக்திப் பம்பும், சங்க அலுவலகத்தில் மின்வெட்டு நேரத்துக்கென வைத்திருக்கும் இன்வெர்ட்டரும் நடைபெறுகின்றன.

இக்கருவியின் விஷயம் கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினர்களுக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். சங்கங்கள் இக்காலத்தில் உரமும் விதையும் மட்டும் வாங்குவதில்லை. டிராக்டரை வாங்கி வாடகைக்கு விடுகின்றன; கட்டடத்தின் மேல் சூரிய பலகைகள் அமைக்கின்றன; அங்கத்தினர்களுக்குப் பம்புக் கடன் தருகின்றன. இவற்றில் ஒன்று நின்றுபோனால், பழுதுபார்க்க வருபவர் சொல்லுவதே கணக்கு. சில ரூபாய் விலையுள்ள டையோடு ஒன்று கெட்டதற்காக முழுப் பலகையையோ முழு மின்னாக்கியையோ மாற்றிவிட்டு, பணத்தைச் சங்கத்தின் செலவில் எழுதுவது நடவாத காரியமன்று. விஷயம் தெரிந்த பஞ்சாயத்தார் ஒருவர் அருகிலிருந்து ஒரு கேள்வி கேட்டால், பொதுப்பணம் எவ்வளவோ மிஞ்சும்.

இருவகை மின்சாரம்

நமது வீடுகளுக்கும் கிணறுகளுக்கும் கம்பி வழியாக வரும் மின்சாரம் ஓடையைப்போல் ஒரே பக்கமாக ஓடுவதன்று. அது ஊஞ்சலைப்போல் முன்னும் பின்னுமாக ஆடுவது. ஒரு விநாடியில் 50 முறை முன்னும், 50 முறை பின்னுமாகத் திசை மாறுகிறது. ஆகையால் இதற்கு மாறுதிசை மின்சாரம் என்று பெயர். 1932-இல் பைகாராவிலும், 1937-இல் மேட்டூரிலும், 1944-இல் பாபநாசத்திலும் நீர்வீழ்ச்சியின் சக்தியைக்கொண்டு மின்சாரம் எடுக்கத் தொடங்கியபோது இவ்வகையையே கைக்கொண்டனர். காரணம் யாதெனில், இவ்வகை மின்சாரத்தின் அழுத்தத்தை டிரான்ஸ்பார்மர் என்னும் கருவியால் எளிதில் ஏற்றவும் இறக்கவும் கூடும். அழுத்தத்தை ஏற்றி அனுப்பினால் நெடுந்தூரம் சென்றும் நஷ்டம் குறைவு.

ஆனால் பாட்டரிக்கு இது உதவாது. பாட்டரியில் மின்சாரத்தைச் சேமிக்க வேண்டுமானால் ஒரே திசையில் ஓட்டம் வேண்டும். முன்னே ஊற்றியதைப் பின்னே உறிஞ்சிக்கொண்டால் பானை எங்ஙனம் நிரம்பும்? கைபேசி, ரேடியோ, கணிப்பொறி முதலியனவும் உள்ளே நேர்திசை மின்சாரத்தாலேயே இயங்குகின்றன. எனவே, கம்பியில் வருவதை ஒருவழிப்படுத்தும் கதவு ஒன்று இவ்விரண்டுக்கும் நடுவே இன்றியமையாததாகிறது.

கல்லில் கண்ட புதுமை

இக்கதவு முதலில் ஆலையில் செய்யப்பட்டதன்று. பூமியில் கிடைத்த கல்லில் காணப்பட்டது. 1874-இல் ஜெர்மன் தேசத்து விஞ்ஞானி பெர்டினண்டு பிரௌன், சில உலோகத் தாதுக் கற்களின்மேல் கம்பி முனையை வைத்து மின்சாரம் செலுத்திப் பார்த்தபோது, அது ஒரு பக்கமாக எளிதிலும் மறுபக்கமாக அரிதிலும் செல்வதைக் கண்டார். ஏன் என்று அப்பொழுது ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒருவகை வேடிக்கையாகவே அது பல்லாண்டு கிடந்தது.

அவ்வேடிக்கையை வேலைக்குக் கொண்டுவந்தவர்களில் முதல்வரிசையில் வைக்கத்தக்கவர் நமது நாட்டினரேயாவர். கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஆசார்ய ஜகதீச சந்திர போஸ், கலீனா என்னும் ஈயத் தாதுக் கல்லைக்கொண்டு மின்காந்த அலைகளைக் கண்டறியும் கருவி ஒன்றைச் செய்தார். 1901-இல் அதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வேண்டி விண்ணப்பம் போடப்பட்டு, 1904-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 29-ஆம் தேதி உரிமை கிடைத்தது. அரைக்கடத்தி வஸ்துவால் செய்த கருவிக்கு உலகில் முதன்முதல் அளிக்கப்பட்ட காப்புரிமை இதுவே என்பர்.

கலீனாக் கல்லையே கொண்டு பின்னர் மலிவான ரேடியோப் பெட்டிகள் செய்யப்பட்டன. கல்லின்மேல் மெல்லிய கம்பி ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும். மேல்நாட்டார் அதற்குப் பூனைமீசை என்று பெயரிட்டிருந்தனர். கேட்பவர் கம்பியை அங்குமிங்கும் நகர்த்தி, நன்றாக ஒலிக்கும் இடத்தைத் தேடிப்பிடிக்க வேண்டும். வானத்தில் வரும் ரேடியோ அலை விநாடிக்கு லட்சக்கணக்கான முறை முன்னும் பின்னும் ஆடுவது. அதனை அப்படியே காதுக்குழலில் செலுத்தினால், முன்னே இழுத்ததைப் பின்னே தள்ளுவது சமன்செய்துவிட, குழலின் தகடு அசையாது நின்றுவிடும். கல் ஒரு பாதியை வெட்டிவிடுகிறது. எஞ்சிய பாதி ஒரே பக்கமாகத் தகட்டை இழுக்கிறது. இழுப்பின் ஏற்றத்தாழ்வே பாட்டாகவும் பேச்சாகவும் கேட்கிறது. இப்பெட்டிக்குப் பாட்டரியும் வேண்டுவதில்லை, கம்பி மின்சாரமும் வேண்டுவதில்லை.

சென்னையில் 1924-இல் மதராஸ் பிரஸிடென்ஸி ரேடியோ கிளப்பாரும், 1930 முதல் நகரசபையாரும் ஒலிபரப்பு நடத்தினர். அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் தேதியும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் தேதியும் தொடங்கின. நிலையத்துக்கு அருகிலிருப்போர் கல் பெட்டியைக்கொண்டே கேட்கலாம். கோச்சடையோ திருச்சிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்திலுள்ளது; இங்கே கல்லின் வலிமை போதாது. வால்வு ரேடியோவே வேண்டும். மின்சாரக் கம்பி எட்டாத ஊர்களில் அதற்குக் கனமான பாட்டரியும் வேண்டும். அப்பாட்டரியில் மின்னேற்றுவதற்குக் கம்பி மின்சாரத்தை ஒருவழிப்படுத்திய கருவிகளில், செலினியம் அல்லது தாமிர ஆக்ஸைடு பூசிய தகடுகளாலான டையோடுகளும் இருந்தன. ரேடியோவில் கல் டையோடு இல்லாவிடினும், அதன் தீனியில் டையோடு இருந்தது என்று கொள்ளலாம்.

காரணம் நன்கு விளங்க 1940-இல் ஒரு சோதனை வழிகாட்டிற்று. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ரஸ்ஸல் ஓல், நடுவில் கீறல் கண்ட சிலிக்கன் துண்டு ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதன்மேல் வெளிச்சம் படும்போதெல்லாம் அரை வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தோன்றிற்று. ஆராய்ந்து பார்க்கையில், உருக்கிய சிலிக்கன் இறுகும்போது அதிலுள்ள கலப்புகள் பிரிந்து, கீறலுக்கு ஒருபுறம் ஒருவகையும் மறுபுறம் வேறுவகையுமாகத் தங்கிவிட்டன என்று தெரிந்தது. இக்காலத்து டையோடும், சூரிய மின்கலமும் அந்த ஒரே துண்டில் பிறந்தவை.

கல்லுக்குள் நடப்பது

செம்பு, அலுமினியம் முதலிய உலோகங்களில் மின்சாரம் தாராளமாக ஓடும். பீங்கான், ரப்பர் முதலியவற்றில் ஓடாது. இவ்விரண்டுக்கும் நடுத்தரமானது அரைக்கடத்தி. அவற்றுள் இன்று மிகுதியாகப் பயன்படுவது சிலிக்கன். இது மணலில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கிடப்பது. மணலுக்குப் பஞ்சமில்லை, அதிலிருந்து சிலிக்கனைப் பிரித்துச் சுத்தஞ்செய்வதே பெருங்காரியம். நமது மேட்டூரில் மெட்கெம் சிலிக்கன் என்னும் கம்பெனியார், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தாரின் துணையுடன், 1980-களில் இவ்வேலையை நடத்தினர்.

சிலிக்கன் அணு ஒவ்வொன்றுக்கும் வெளிச்சுற்றில் நான்கு எலெக்ட்ரான்கள் உண்டு. ஒவ்வோர் அணுவும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு அணுக்களோடு எலெக்ட்ரான்களைப் பங்கிட்டுக் கைகோத்து நிற்கிறது. எல்லாக் கைகளும் கோக்கப்பட்டிருப்பதால், மின்சாரத்தைச் சுமந்து செல்ல ஆள் இல்லை. சுத்தமான சிலிக்கனில் மின்சாரம் அரிதாகவே செல்வதற்கு இதுவே காரணம்.

இப்பொழுது அதில் பாஸ்பரஸ் என்னும் வஸ்துவைச் சிறிதளவு கலப்பதாக வைத்துக்கொள்வோம். பாஸ்பரஸ் நமது விவசாயிகள் அறியாததன்று. சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. உரங்களில் இருப்பது அதுவே. அதன் அணுவுக்கு ஐந்து எலெக்ட்ரான்கள். நான்கு கை கோத்தபின் ஒன்று மிஞ்சிக் கட்டற்றுத் திரிகிறது. கலக்க வேண்டிய அளவோ மிகச் சொற்பம்: பத்து லட்சம் சிலிக்கன் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு போதும். இருபது, இருபத்தைந்து கிலோ நெல்லில் ஒரே ஒரு கம்பு மணியைப் போட்டதற்கு இது ஒப்பாகும். அவ்வளவு கலப்பினாலேயே மின்சாரம் செல்லும் திறம் ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு உயர்ந்துவிடுகிறது. மேட்டூரில் அத்தனை பாடுபட்டுச் சுத்தம் செய்ததன் காரணம் இங்கே விளங்கும். வேண்டாத கலப்பு ஒரு மணி இருந்தாலும் கணக்குத் தவறிவிடும். இவ்வாறு பாஸ்பரஸ் கலந்த சிலிக்கனுக்கு என்-வகை என்று பெயர்.

பாஸ்பரஸுக்குப் பதிலாகப் போரான் என்னும் வஸ்துவைக் கலந்தால் மாறான பலன் உண்டாகும். போரானுக்கு மூன்றே எலெக்ட்ரான்கள். ஓரிடத்தில் ஒரு கை கோக்கப்படாமல் காலியாக நிற்கும். அக்காலியிடத்துக்குத் துளை என்று பெயர். பக்கத்து எலெக்ட்ரான் வந்து துளையை நிரப்பினால், அது விட்டுவந்த இடம் காலியாகிறது. துளை நகர்ந்துவிட்டது போலாகும். பந்தியில் நடுவே ஓர் இலை காலியாயிருக்க, அடுத்தவர் அடுத்தவராக ஓரிலை தள்ளி அமர்ந்தால், ஆட்கள் இப்பக்கம் நகர நகரக் காலியிடம் அப்பக்கம் போவதைக் கண்டிருக்கிறோம். எலெக்ட்ரான் எதிர்மின்னேற்றம் உடையதாகையால், அது இல்லாத இடமான துளை நேர்மின்னேற்றம் உடையதைப்போல் நடந்துகொள்ளும். இவ்வகைச் சிலிக்கன் பி-வகை எனப்படும்.

ஒரே சிலிக்கன் துண்டில் ஒருபாதி பி-வகையாகவும் மறுபாதி என்-வகையாகவும் அமைப்பதே டையோடு. இரண்டும் கூடும் எல்லையில்தான் விசேஷம். என்-பக்கத்து எலெக்ட்ரான்களில் எல்லையருகே திரிபவை, அப்பால் உள்ள துளைகளில் போய் விழுகின்றன. அவை விட்டுச்சென்ற பாஸ்பரஸ் அணுக்கள் எலெக்ட்ரானை இழந்ததால் நேர்மின்னேற்றம் அடைகின்றன. அவை போய்ச்சேர்ந்த போரான் அணுக்கள் எதிர்மின்னேற்றம் அடைகின்றன. இவ்வணுக்கள் இடம்விட்டு நகரமாட்டா. சிறிது நேரத்தில் எல்லையின் பி-பக்கத்தில் எதிர்மின்னேற்றம் திரண்டு நின்று, மேலும் வர முயலும் எலெக்ட்ரான்களைப் பின்னுக்குத் தள்ளுகிறது. இதனால் எல்லையை ஒட்டி, எலெக்ட்ரானும் இல்லாத துளையும் இல்லாத ஒரு வறண்ட பட்டை உண்டாகிவிடுகிறது. அதன் அகலம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இப்பட்டையே கதவு.

வயலின் வரப்பு இருபக்கத்து நீரையும் ஒன்றுபோலவே தடுக்கும். இந்தப் பட்டையோ, எப்பக்கத்திலிருந்து அழுத்தம் வருகிறது என்பதைப் பொறுத்துத் தானே உயர்ந்தும் தாழ்ந்தும் கொடுக்கும் வரப்பு. பாட்டரியின் நேர்முனையைப் பி-பக்கத்திலும் எதிர்முனையை என்-பக்கத்திலும் சேர்த்தால், துளைகளும் எலெக்ட்ரான்களும் இருபுறமிருந்தும் எல்லையை நோக்கித் தள்ளப்படுகின்றன. பட்டை குறுகி, வரப்பு தாழ்கிறது. சுமார் 0.6 அல்லது 0.7 வோல்ட் வந்தவுடன் மின்சாரம் தாராளமாக ஓடத் தொடங்கும். அந்நிலையில் அழுத்தத்தை ஒரு வோல்ட்டில் பத்திலொரு பங்கு கூட்டினாலும் ஓட்டம் ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். பாட்டரியை மாற்றிச் சேர்த்தாலோ, துளைகள் ஒருபுறமும் எலெக்ட்ரான்கள் மறுபுறமுமாக எல்லையைவிட்டு இழுக்கப்படுகின்றன; பட்டை அகன்று, வரப்பு உயர்ந்து, வழி அடைபடுகிறது.

முற்றிலும் அடைபடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். உஷ்ணத்தால் அங்கங்கே கைகோப்பு அறுந்து சில எலெக்ட்ரான்களும் துளைகளும் தோன்றிக்கொண்டே இருப்பதால், எதிர்த்திசையிலும் சிறு கசிவு உண்டு. ஏறக்குறைய பத்து டிகிரி உஷ்ணம் ஏறுந்தோறும் இக்கசிவு இரட்டிக்கும். ஜெர்மானியம் என்னும் வேறொரு வஸ்துவால் ஆதியில் செய்த டையோடுகள் 85 டிகிரிக்கு மேல் தாங்காமையால்தான், 150 டிகிரி வரை தாங்கும் சிலிக்கன் அவற்றின் இடத்தைப் பிடித்தது. மதுரைக் கோடையில் தகரப் பெட்டிக்குள் அடைக்கப்பட்ட கருவி எவ்வளவு சூடேறும் என்பது நாம் அறியாததன்று. ஆகவே பம்புக் கட்டுப்பாட்டுப் பெட்டியை நிழலில், காற்றோட்டமான சுவரில் வைக்கவேண்டும். அதனுள் டையோடு பொருத்திய அலுமினியச் சிறகுகளின் மேல் தூசி படிய விடலாகாது. பத்து ஆம்பியர் ஓடும் டையோடு ஒன்றில் 7 வாட் அளவு சக்தி வெப்பமாகவே கழிகிறது. அவ்வெப்பம் வெளியேறச் சிறகுகளே வழி.

எதிர்த்திசையில் அழுத்தம் அளவுகடந்தால் கரையே உடைந்துவிடும். ஒவ்வொரு டையோடும் எத்தனை வோல்ட் வரை தடுக்கும் என்பது அதன் எண்ணைக்கொண்டு தெரியும். கடைகளில் 1என்4001 என்று கேட்டுவாங்குவது 50 வோல்ட்டும், 1என்4007 என்பது 1,000 வோல்ட்டும் தாங்கும். இரண்டும் ஓர் ஆம்பியருக்கே உரியவை. உருவில் இரண்டும் ஒன்றே. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்று சொல்லப்படினும், ஒவ்வோர் ஆட்டத்திலும் அதன் உச்சி 325 வோல்ட்டை எட்டும். அவ்விடத்தில் முன்னதைப் பொருத்தினால் கணத்தில் போய்விடும்.

நான்கு டையோடுகளின் கூட்டுறவு

மாறுதிசை மின்சாரத்தின் பாதையில் ஒரு டையோடை வைத்தால், முன்னாட்டம் செல்லும், பின்னாட்டம் நிற்கும். திசை ஒன்றாகிவிட்டது, ஆனால் பாதி வீணாகிறது. இதற்கு மாற்றாக நான்கு டையோடுகளைச் சதுரமாக இணைப்பர். முன்னாட்டத்தில் எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு திறக்கும். பின்னாட்டத்தில் மற்ற இரண்டு திறக்கும். எவ்வாட்டமாயினும் வெளியே வரும் வழி ஒன்றே. இதற்குப் பாலம் என்று பெயர். வரும் ஓட்டம் அலையலையாக இருக்குமாகையால், கெபாசிட்டர் என்னும் மின்தேக்கி ஒன்று பக்கத்தில் இருந்து, அலை உயரும்போது நிரம்பி, தாழும்போது கொடுத்து, ஓட்டத்தைச் சீராக்கும். கண்மாய் செய்யும் வேலையே இதுவும். 12 வோல்ட் டிரான்ஸ்பார்மருக்குப்பின் இவ்வமைப்பை வைத்தால், உச்சி 17 வோல்ட்டில் இரண்டு டையோடுகளின் சுங்கம் 1.4 வோல்ட் போக, ஏறக்குறைய 15½ வோல்ட் கிடைக்கும். சிறிய மின்னேற்றிகளில் பாகங்களின் வரிசை மாறினும், இந்நான்கின் வேலை மாறுவதில்லை.

டிராக்டரின் மின்னாக்கியிலும் இதுபோன்ற பாலமே உள்ளது. அங்கே ஆறு டையோடுகள். சங்க டிராக்டரின் பாட்டரியைக் கழற்றி மாட்டும்போது கம்பிகளை மாற்றிச் சேர்த்துவிட்டால் நேர்வது இதுதான்: பாட்டரி எதிர்த்திசையில் மாட்டப்பட்டதால் ஆறு டையோடுகளும் திறந்த கதவுகளாகிவிடுகின்றன. பாட்டரியின் முழுவேகமும் தடையின்றி அவற்றின் வழியே பாய்ந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் கருக்கிவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியங்கூட இல்லை. உழவு நாட்களில் இவ்வாறு நின்ற டிராக்டருக்குப் பட்டறையில் முழு மின்னாக்கியையும் மாற்றச் சொல்லுவார்களாயின், டையோடுத் தட்டை மட்டும் மாற்ற முடியுமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பெரும்பாலான மாதிரிகளில் அது தனியே கிடைக்கும். பாட்டரிக் கம்பிகளுக்குச் சிவப்பும் கறுப்புமாகச் சாயம் பூசிவைப்பது அரைமணி வேலை.

சூரிய பலகையும் தென்னையின் நிழலும்

சூரிய மின்கலம் என்பது வெயிலில் விரித்த ஓர் அகன்ற டையோடே. ஒளி சிலிக்கனுள் நுழையும்போது கைகோப்புகளை அறுத்து எலெக்ட்ரான்களையும் துளைகளையும் உண்டாக்குகிறது. மேலே சொன்ன வறண்ட பட்டையிலுள்ள மின்விசை, எலெக்ட்ரான்களை ஒருபுறமும் துளைகளை மறுபுறமும் பிரித்துவிடுகிறது. வெளியே கம்பியால் இணைத்தால் அவை சுற்றிவந்து சேரும். அதுவே நமக்குக் கிடைக்கும் மின்சாரம். ஒரு கலத்துக்கு அரை வோல்ட் சொச்சமே கிடைக்குமாதலால், 60 அல்லது 72 கலங்களைச் சங்கிலிபோல் தொடுத்து ஒரு பலகையாக்குவர். இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் அளவில் அமைந்த பெரிய நிலையமும் இப்படிப்பட்ட பலகைகளின் தொகுதியே. 2019-இல் தொடங்கிய பி.எம்.-குசும் திட்டத்தின் மானியத்தோடு கிணற்றுமேட்டில் நாட்டப்படுபவையும் இவையே.

சங்கிலியில் ஒரு குறை உண்டு. ஒரு கலத்தின்மேல் நிழல் விழுந்தால் அது மின்சாரம் செய்வதை நிறுத்துகிறது. அதுமட்டுமன்று, மற்றக் கலங்கள் தள்ளும் ஓட்டத்துக்கு அது எதிர்த்திசை டையோடாகி வழியை மறிக்கிறது. மறித்த இடத்தில் சக்தியெல்லாம் வெப்பமாகிக் கலம் கருகலாம். இதைத் தவிர்க்கவே, பலகையின் முதுகிலுள்ள சிறு கறுப்புப் பெட்டிக்குள் சாதாரணமாக மூன்று டையோடுகளை வைத்து, ஒவ்வொன்றும் மூன்றிலொரு பங்குக் கலங்களுக்குச் சுற்றுவழி கொடுக்குமாறு இணைத்திருப்பர். நிழல் விழுந்த பங்கை விட்டு ஓட்டம் சுற்றுவழியே செல்லும். பத்துப் பலகைகளைத் தொடுத்த பம்பில் ஒரு கலம் நிழலானால் முப்பதில் ஒரு பங்கு மட்டும் குறையும். சுற்றுவழி இல்லாவிடில் வரிசை முழுவதுமே மெலிந்துவிடும்.

இதிலிருந்து இரண்டு காரியங்கள் பெறப்படும். வைகைக் கரையோரத் தோட்டங்களில் தென்னை இல்லாத இடம் அரிது. ஒரு மட்டையின் நிழல் பலகையில் குறுக்கே நீண்டு விழுந்தால் மூன்று பங்குகளையும் ஒருசேரத் தொட்டுவிடும். அப்போது டையோடுகள் இருந்தும் பயனில்லை. இடம் பார்க்கும்போது காலையிலும் மாலையிலும் கிழக்கு மேற்கு மரங்களின் நிழல் எதுவரை நீள்கிறதென்று கவனிக்கவேண்டும். சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணி முற்பகுதி வரை நமது ஊரில் நண்பகற் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்குமாதலால், வடபுறத்து மரத்தையும் புறக்கணித்தல் கூடாது. காக்கை எச்சமும் சிறு நிழலே. வாரம் ஒருமுறை துடைத்தல் நலம்.

மற்றொன்று, நல்ல வெயிலிலும் ஒரு பலகையின் அழுத்தம் மூன்றிலொரு பங்கு எப்போதும் குறைந்தே நின்றால், சுற்றுவழி டையோடு ஒன்று உருகி நிரந்தரமாகத் திறந்துகொண்டது என்று சந்தேகிக்கலாம். பலகையைக் கழித்துப்போடுமுன் அப்பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லவேண்டும். ஆனால் சங்கத்தார் தாமே திறக்க முற்படலாகாது. வெயில் உள்ளவரை பலகையை நிறுத்தும் சுவிட்சு கிடையாது. பல பலகைகள் தொடுத்த வரிசையில் உயிரைக் குடிக்கும் அழுத்தம் நின்றுகொண்டிருக்கும்.

எல்.ஈ.டி. விளக்கைப்பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அது சூரிய கலத்தின் தலைகீழ். நேர்த்திசையில் ஓட்டம் செல்லும்போது எலெக்ட்ரான் துளையில் விழுகையில் விடுபடும் சக்தி, சிலிக்கனில் பெரும்பாலும் வெப்பமாகிவிடும்; காலியம் கலந்த வேறு சில வஸ்துக்களில் ஒளியாக வெளிவரும். நீல ஒளி தரும் டையோடைச் செய்த அகாஸாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவர்க்கும் 2014-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. நீலம் கிடைத்த பின்னரே வெள்ளை விளக்கு சாத்தியமாயிற்று. 9 வாட் எல்.ஈ.டி. பழைய 60 வாட் குண்டு பல்புக்கு ஈடான வெளிச்சம் தரும். தினம் ஆறு மணி நேரம் எரித்தால் ஒரு விளக்குக்கு மாதம் 9 யூனிட் மிச்சம். பத்து விளக்குள்ள கிடங்குக்கு 90 யூனிட்டுக்கு மேல்.

சோதிக்கும் முறை

மல்டிமீட்டர் என்னும் அளவுக் கருவி ஒன்று சங்கத்தில் இருப்பது நல்லது. அதில் டையோடுக்கென்று அம்புக்குறி இட்ட நிலை ஒன்று உண்டு. சிவப்பு முள்ளை வளையமில்லாத முனையிலும் கறுப்பு முள்ளை வளையமுள்ள முனையிலும் வைத்தால் 0.5 முதல் 0.7 வரை எண் காட்டவேண்டும். முட்களை மாற்றி வைத்தால் ஓ.எல். என்றோ 1 என்றோ காட்டவேண்டும். வழியில்லை என்பது அதன் பொருள். இருபுறமும் சுழி காட்டினால் கதவு உருகித் திறந்துவிட்டது. இருபுறமும் வழியில்லையென்றால் உள்ளே அறுந்துவிட்டது. பலகையில் பற்றவைத்த நிலையில் பார்த்தால் மற்றப் பாகங்களின் வழியாக ஓட்டம் சென்று பொய்க்கணக்குக் காட்டலாமாகையால், சந்தேகம் தோன்றினால் ஒரு காலைக் கழற்றியே பார்க்கவேண்டும்.

புதியதைப் பொருத்தும்போது வளையம் பழையது இருந்த பக்கமே இருக்கவேண்டும். எண்ணும், ஆம்பியரும், வோல்ட்டும் பழையதற்குக் குறையலாகாது. இவ்வேலைக்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுவது மட்டும் போதாது. பாலத்தின் பக்கத்திலுள்ள கெபாசிட்டரில், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் 300 வோல்ட் வரை தேங்கி நிற்கக்கூடும். அனுபவமுள்ள மெக்கானிக்கைக்கொண்டு முதலில் அதனை வடியச்செய்து, மீட்டர் வைத்துச் சுழி என்று கண்ட பின்னரே கைவைக்கவேண்டும்.